பழைய பஸ்ஸின் பழமை எங்கே இருக்கிறது?

அன்புள்ள ஐயா,

மகளைப் பார்க்க இங்கிலாந்து வந்திருந்தபோது, வில்ட்ஷயரில் உள்ள வோர்மின்ஸ்டரிலிருந்து இம்பர் என்னும் ஆளில்லாத ஊருக்கு ஆண்டுக்கொருமுறை ஓடும் பழைய லண்டன் பஸ்களில் ஒன்றில் ஏறினேன். 1980களில் லண்டனில் படித்த காலத்தில் தினமும் ஏறி இறங்கிய அதே சிவப்பு இரட்டைத்தட்டு ரூட்மாஸ்டர். ஏறியதுமே கண் கலங்கிவிட்டது. ஆனால் அருகில் இருந்தவர், இந்த வண்டிக்கு எஞ்சின் மாற்றியாகிவிட்டது, தகடுகளும் இருக்கைத் துணியும்கூடப் புதியவை என்றார். அதன்பின் மனம் ஒட்டவில்லை. எல்லாவற்றையும் மாற்றிவிட்டால் நான் ஏறியது எந்த வண்டி? அருங்காட்சியகத்தில் கைபடாமல் நிற்கும் வண்டியைப் பார்ப்பதே நேர்மையானது இல்லையா?

ஒரு வாசகர், கோயம்புத்தூர்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கண் கலங்கியதில் பொய் எதுவும் இல்லை. மாணவராக நீங்கள் ஏறிய வண்டியும் அதற்குள் ஒருமுறைக்கு மேல் பிரித்துப் பூட்டப்பட்டதாகவே இருந்திருக்கும். ரூட்மாஸ்டரை அப்படிப் பிரித்துப் பூட்டுவதற்காகவே வடிவமைத்தார்கள்.

அந்த வண்டிக்கு முழுநீளச் சட்டகம் கிடையாது. அலுமினிய உடலே பாரத்தைத் தாங்கும். எஞ்சினையும் முன்சில்லுகளையும் தாங்க முன்னால் ஒரு துணைச் சட்டகம், பின்சில்லுகளைத் தாங்கப் பின்னால் ஒன்று, அவ்வளவுதான். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் லண்டன் போக்குவரத்து நிறுவனத்தின் பொறியாளர்கள் ஹாலிஃபாக்ஸ் குண்டுவீச்சு விமானங்களைக் கட்டும் பணியில் இருந்தார்கள். இலேசான அலுமினியத்தைக் கொண்டு, ஒன்றுக்கொன்று மாற்றிப் பொருத்தக்கூடிய துல்லியமான உறுப்புகளைச் செய்யும் பழக்கம் அங்கிருந்து பஸ்ஸுக்கு வந்தது. 1954இல் முதல் முன்மாதிரி காட்சிக்கு வைக்கப்பட்டது. 1968இல் உற்பத்தி நின்றபோது மொத்தம் 2,876 வண்டிகள் கட்டப்பட்டிருந்தன.

இவை சில ஆண்டுகளுக்கு ஒருமுறை ஆல்டன்ஹாம் பணிமனைக்குப் போகும். சுரங்க ரயிலுக்கென்று கட்டத் தொடங்கி, போரில் விமானத் தொழிற்சாலையாகி, பிறகு பஸ்களைப் புதுப்பிக்கும் இடமாக மாறிய பெரிய கூடம் அது. அங்கே கிரேன் வண்டியின் உடலைத் தூக்கித் தனியே கொண்டுபோகும்; துணைச் சட்டகங்கள் வேறு வழியில் போகும். இரண்டும் மீண்டும் சந்திக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. உள்ளே போன பஸ்ஸின் எண்ணை, ஏற்கெனவே புதுப்பித்துத் தயாராக நின்ற இன்னொரு உடலில் பொருத்தி வீதிக்கு அனுப்பிவிடுவார்கள். காலையும் மாலையும் ஒரே எண்ணைப் பார்த்து ‘இது என் பஸ்’ என்று நினைத்த பயணிக்கு, இடையில் உடல் மாறியது தெரிந்திருக்காது. 1986இல் ஆல்டன்ஹாம் மூடப்பட்டது. இன்று தன்னார்வலர்கள் தங்கள் கொட்டகைகளில் தகடு மாற்றுவதையும் துணி தைப்பதையும் நான் அந்தப் பணிமனையின் தொடர்ச்சியாகவே பார்க்கிறேன்.

இந்தப் பாடத்தை நான் கொழும்பில் சிறுவனாகவே கற்றேன் என்று சொல்லலாம். ரூட்மாஸ்டருக்கு முந்தைய ஆர்டி வகை இரட்டைத்தட்டு பஸ்கள் லண்டனில் ஓடி முடித்தபின் பெருந்தொகையாக இலங்கைப் போக்குவரத்துச் சபைக்கு வந்தன. காலி வீதியில் அவை ஒருபக்கம் சாய்ந்தபடி ஓடியபோது, எந்த உறுப்பு லண்டனில் செய்தது, எது இங்கே தட்டியெடுத்தது என்று யாரும் பிரித்துப் பார்த்ததில்லை.

எஞ்சின் விஷயத்தில் மட்டும் உங்கள் மனக்குறை என்னுடையதும்கூட. லண்டனின் சௌத்தாலில் ஏஇசி நிறுவனம் செய்த எஞ்சின் ஒன்பதரை லிட்டருக்கு மேற்பட்டது. வண்டி நின்றுகொண்டிருக்கும்போது அது தாழ்ந்த குரலில் உறும, சன்னல் கண்ணாடியில் சாய்த்த நெற்றி அதிரும். 1990களில் பல வண்டிகளுக்குக் கம்மின்ஸ், இவெக்கோ எஞ்சின்களைப் பொருத்தியபோது அந்தக் குரல் போய்விட்டது. ஆனால் அருங்காட்சியகத்தில் நிற்கும் வண்டியில் எந்தக் குரலும் இல்லை. அங்கே வேலைப்பாட்டைப் பார்க்கலாம், உட்கூரையின் மஞ்சள் நிறத்தைப் பார்க்கலாம். பயணம் செய்ய முடியாது. ஓடுவதற்காகச் செய்த ஒன்றை ஓட்டிக் காப்பதே அதற்குச் செய்யும் மரியாதை என்பது என் உறுதியான எண்ணம், அதற்கு மாற்று எஞ்சின்தான் விலையென்றால் நான் அதைக் கொடுக்கத் தயார்.

1987ஆம் ஆண்டின் குளிர்காலத்தில் நான் ஈஸ்ட் ஹாமிலிருந்து ஆல்ட்கேட்டுக்கு 15ஆம் எண் பஸ்ஸில் வேலைக்குப் போய்வந்தேன். லண்டன் போக்குவரத்து நிறுவனம் 1956 முதல் பார்படோசுக்கே போய் ஆள் எடுத்தது. அப்படி வந்த தலைமுறையைச் சேர்ந்தவர் அந்தத் தடத்தின் நடத்துநர்களில் ஒருவர். படிக்கட்டின் அடியில் நடத்துநர் ஒதுங்கி நிற்பதற்கென்று ஒரு மூலை உண்டு. அங்கிருந்தபடியே அவர் யார் இறங்கினார், யார் ஓடி வருகிறார் என்று பார்ப்பார். நான் மூச்சிரைக்க ஓடிவந்து வெள்ளைக் கம்பியைப் பிடிக்கும்வரை மணிக்கயிற்றில் வைத்த கையை இழுக்காமல் காத்திருப்பார். ஒருமுறை இழுத்தால் நிறுத்தம், இருமுறை இழுத்தால் புறப்பாடு, மூன்று முறை என்றால் இடமில்லை, நிற்காமல் போ என்று பொருள். பிறகு வயிற்றின்மேல் தொங்கிய கிப்சன் இயந்திரத்தின் கைப்பிடியைச் சுற்ற, வெற்றுத்தாள் சுருளிலிருந்து டிக்கெட் அச்சாகி வெளியே வரும். அந்த ஊரில் அன்று என் முகத்தைத் தெரிந்துவைத்திருந்த ஒரே அந்நியர் அவர்.

இதனால்தான் இம்பரை நான் மதிக்கிறேன். 1943இல் படைப் பயிற்சிக்காக மக்களை வெளியேற்றி, பின்பு திரும்பவே விடாத ஊர் அது. ஏற யாரும் காத்திராத அந்த இடத்துக்கு 2009 முதல் தன்னார்வலர்கள் பஸ் விடுகிறார்கள். அங்கேயும் ஒருவர் கட்டணம் வாங்கி டிக்கெட் கொடுக்கிறார், மணி அடித்த பிறகே சாரதி வண்டியை எடுக்கிறார். இருவர் சேர்ந்து ஒரு பஸ்ஸை நடத்தும் அந்த முறையைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்க முடியாது.

2005 டிசம்பர் 9ஆம் தேதி 159ஆம் எண் தடத்தில் கடைசி ரூட்மாஸ்டர் ஓடியதோடு வழக்கமான சேவை முடிந்தது. சக்கர நாற்காலியில் வருபவர் அந்தப் படியில் ஏற முடியாது என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. அது நியாயமான காரணம், என் ஏக்கத்தைக் கொண்டு அதை மறுக்கமாட்டேன். ஆனால் நினைவுச் சேவையாக விட்டுவைத்த இரண்டு தடங்களில் தாழ்தள பஸ்களும் கூடவே ஓடின, யாருக்கும் வழி அடைபடவில்லை. அப்படியிருந்தும் 9ஆம் எண்ணை 2014இல் நிறுத்தினார்கள், 15ஆம் எண்ணும் பின்னர் நின்றது. அந்த இழப்பு எனக்கு இன்னும் ஆறவில்லை.

மறுமுறை வந்தால் மேல்தட்டுக்குப் போகவேண்டாம். கீழே, வாசலை ஒட்டி, ஒருவரையொருவர் பார்த்தபடி அமரும் நீள இருக்கையில் உட்காருங்கள். மணிக்கயிறு கூரையோரமாகத் தலைக்கு மேலே போகும். அதை இழுக்கும் கையை அங்கிருந்து நன்றாகப் பார்க்கலாம்.

அன்புடன்.