மருந்து அடித்தும் நெல்லில் புள்ளி போகவில்லையே?

கேள்வி: அணைக்கட்டு பக்கம் ஒன்றரை ஏக்கர் கழனியில் பி.பி.டி. 5204 சம்பா நட்டிருக்கிறேன். இலையெல்லாம் கண் போலப் புள்ளி. கடையில் மூன்று மருந்து கலந்து அடிக்கச் சொன்னார்கள். அடித்துப் பத்து நாளாகியும் புள்ளி போகவில்லை. மறுபடி அடிக்கலாமா?

பதில்: வந்த புள்ளி எதை அடித்தாலும் போகாது. அந்த இடத்தில் இலை செத்துவிட்டது. புதிதாக விரியும் இலை சுத்தமாக இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

நீங்கள் அனுப்பிய படத்தில் புள்ளியின் இரு முனையும் கூராக, நடுப்பகுதி சாம்பல் நிறமாக இருக்கிறது. குலை நோய்தான். காற்றில் வரும் பூஞ்சை வித்து, பனி ஈரத்தில் இலையில் ஒட்டி முளைத்து, நுனியில் ஒரு குமிழை உண்டாக்கும். அதற்குள் கார் டயரில் இருப்பதைப் போல 40 மடங்கு வரை அழுத்தம் ஏறும். அந்த வேகத்தில்தான் இலைத் தோலைக் குத்தி உள்ளே இறங்குகிறது. குமிழின் சுவரில் கருப்பு நிறமி படியாவிட்டால் அழுத்தம் ஏறாது. ட்ரைசைக்ளசோல் என்ற பூஞ்சை மருந்து அந்த நிறமியைத்தான் தடுக்கிறது. பூஞ்சை உள்ளே போன பிறகு அடித்தால் பெரிய பலன் இல்லை.

சரி, கடைக்காரர் கொடுத்தது என்ன? நீங்கள் எழுதிய மூன்றில் ஒன்று பூச்சி மருந்து, ஒன்று டானிக். பூஞ்சைக்கு இரண்டும் ஒன்றும் செய்யாது. ரசீதும் தரவில்லை என்கிறீர்கள். மருந்தின் தொகுதி (பேட்ச்) எண்ணோடு ரசீது தருவது அவர் கடமை. கேட்டு வாங்குங்கள், தராத கடைப்பக்கம் போகாதீர்கள். கடனுக்குக் கிடைக்கிறது என்பதற்காகக் கடைக்காரரையே வைத்தியராக்கி எத்தனை கழனிகள் வீணாகின்றன! உதவி வேளாண் அலுவலர் ஒருவர் தலையில் இத்தனை ஊர்களைக் கட்டினால் விவசாயி வேறு யாரிடம் போவார்? இதைச் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது.

யூரியாவை உடனே நிறுத்துங்கள். தழைச்சத்து கூடினால் இந்த நோய் கொண்டாடும். ஆனால் ஒன்று: புள்ளி எள்ளு போல உருண்டையாகப் பழுப்பாக இருந்தால் அது செம்புள்ளி நோய், சத்துக் குறைந்த மண்ணில் வருவது. அங்கே யூரியாவை நிறுத்தினால் பயிர் இன்னும் வாடும். பக்கத்துக் கழனிக்காரர் நிறுத்தினார் என்று நீங்களும் நிறுத்தக் கூடாது, நீங்கள் நிறுத்தினீர்கள் என்று அவரும் நிறுத்தக் கூடாது. புள்ளியின் வடிவத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

கழனியைக் காயவிடாதீர்கள். கண்ணாடி இலை, அதாவது கதிருக்கு முன் வரும் கடைசி இலை, விரிந்து கதிர் எட்டிப் பார்க்கும்போது ட்ரைசைக்ளசோல் 75 சதத் தூளை ஏக்கருக்கு 120 கிராம், 200 லிட்டர் தண்ணீரில் தனியாகக் கலந்து அடியுங்கள். கதிரின் கழுத்தில் நோய் இறங்கினால் பதர்தான் மிஞ்சும். மருந்து அடிப்பதற்கு முன் நாலைந்து இலைகளைக் காகிதத்தில் சுற்றி விரிஞ்சிபுரம் வேளாண் அறிவியல் நிலையத்தில் ஒருமுறை காட்டிவிடுங்கள். பிளாஸ்டிக் பையில் போட்டால் போய்ச் சேருவதற்குள் அழுகிவிடும்.