புதினா சாக்லேட் பிரவுனி: சேலத்தில் ஒழுகுகிறது, ஏற்காட்டில் குழி விழுகிறது

புதினாவை அரைத்துப் பிரவுனி மாவில் கலந்தேன் அக்கா. பச்சை வாசனைதான் வருகிறது. கடையில் வாங்குவதில் வரும் அந்த ஜில்லென்ற சுவை இல்லையே? (அம்மாப்பேட்டை)

வராது. நம் வீட்டுப் புதினாவும் பெப்பர்மின்டும் ஒரே குடும்பம்தான், ஆனால் வாசனை வேறு. பெப்பர்மின்டில் மென்தால் நிறைய இருக்கிறது, நாக்கில் குளிர்ச்சியை உணரும் நரம்புகளைத் தூண்டிவிடுவது அதுதான். நம் புதினாவில் மென்தால் பேருக்குத்தான் இருக்கும். அதை அரைத்து ஊற்றினால் தட்டுவடை செட்டுக்கு வைக்கிற பச்சைச் சட்னி ஞாபகம் வருமே தவிர சாக்லேட் ஞாபகம் வராது (நானும் ஒருமுறை செய்து, வீட்டில் ஒரு வாரம் கேலி கேட்டவள்தான்). போதாததற்குச் சூடு பட்டதும் பச்சை நிறமும் பழுப்பாகிவிடும். பெப்பர்மின்ட் எசன்ஸ் வாங்குங்கள். மேலே தடவும் கிரீமுக்கான 200 கிராம் ஐசிங் சுகருக்குக் கால் டீஸ்பூன் போதும். பாட்டிலில் 'ஆயில்' என்று போட்டிருந்தால் அது பல மடங்கு காரம், ஒரு சொட்டு விட்டு ருசி பார்த்த பிறகுதான் அடுத்த சொட்டு. கூடிப்போனால் பல் தேய்த்த வாய் மாதிரி ஆகிவிடும், திருப்பி எடுக்க வழியே கிடையாது.

மேலே தடவிய பச்சை கிரீம் ஒரு மணி நேரத்தில் வழிந்துவிட்டது. என்ன தப்பு செய்தேன்? (அஸ்தம்பட்டி)

இதே கேள்வி இன்னும் நாலைந்து பேரிடமிருந்து வந்திருக்கிறது, எல்லாருக்கும் சேர்த்தே சொல்கிறேன். தப்பு உங்களுடையது இல்லை, வெயிலுடையது. வெண்ணெய் 32 டிகிரி தாண்டினாலே உருக ஆரம்பித்துவிடும், சித்திரையில் நம்ம ஊர் சமையலறை அதற்கு மேலேயே நிற்கிறது. குளிர்ப் பிரதேசத்துக்காரர்கள் 'வெண்ணெயை வெளியே எடுத்து ஒரு மணி நேரம் வையுங்கள்' என்று எழுதுவதை இங்கே அப்படியே செய்தால் கையில் நெய்தான் மிஞ்சும். பத்து நிமிடம் போதும், விரல் வைத்தால் லேசாகப் பள்ளம் விழவேண்டும், அவ்வளவுதான்.

உப்பில்லாத வெண்ணெய் 100 கிராமை முதலில் தனியாக அடித்து, ஐசிங் சுகரை இரண்டு மூன்று தடவையாகச் சேர்த்து, பால் ஒரு ஸ்பூனுக்கு மேல் போகாமல் நிறுத்துங்கள். நடுவில் தளர்ந்தால் பாத்திரத்தோடு ஃபிரிட்ஜில் பத்து நிமிடம் வைத்துவிட்டு மறுபடி அடிக்கலாம். பிரவுனி முழுக்க ஆறியிருக்க வேண்டும், அடியைத் தொட்டால் இளஞ்சூடுகூட இருக்கக்கூடாது. தடவியதும் ஒரு மணி நேரம் ஃபிரிட்ஜ், அதற்குப் பிறகுதான் மேலே உருக்கிய சாக்லேட், அதுவும் வெதுவெதுப்பாக. அவசரப்பட்டுச் சூடாக ஊற்றினால் பச்சையும் பழுப்பும் கலந்து பாசி பிடித்த குளம் மாதிரி ஆகிவிடும். பாதி வெண்ணெய்க்குப் பதில் வனஸ்பதி போட்டால் நிற்கும் என்பது உண்மைதான், ஆனால் அண்ணத்தில் மெழுகு மாதிரி ஒட்டும், எனக்குப் பிடிக்காது.

ஏற்காட்டில் இருக்கிறோம். கீழே அம்மா வீட்டில் நன்றாக வந்த அதே அளவு, இங்கே நடுவில் குழி விழுகிறது.

இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி வந்திருக்கிறீர்கள், மாவுக்கும் அது தெரியும்! அங்கே சுமார் 1500 மீட்டர் உயரம், காற்றழுத்தம் குறைவு, தண்ணீரே 95 டிகிரி பக்கத்தில் கொதித்துவிடும். பேக்கிங் பவுடர் கிளப்பும் வாயு சட்டென்று விரிந்து மாவைத் தூக்குகிறது, உள்ளே வேகுமுன் நடுப்பகுதி தாங்காமல் அமுங்கிவிடுகிறது. பேக்கிங் பவுடரைப் பாதியாக்குங்கள், சர்க்கரையில் ஒரு மேசைக்கரண்டி குறையுங்கள், பால் ஒரு மேசைக்கரண்டி கூட்டுங்கள், 175 டிகிரியில் வைப்பதை 180 அல்லது 185 ஆக்குங்கள். அப்புறம் மார்கழிக் காலையில் வெண்ணெய் கல்லாக நிற்கும், எங்கள் புலம்பலுக்கு நேர் எதிர். உங்கள் ஊர்க் காபியிலேயே கெட்டி டிகாக்‌ஷன் ஒரு ஸ்பூன் மாவில் விட்டுப் பாருங்கள், காபி தெரியாது, சாக்லேட் ஆழமாகத் தெரியும்.

ஓவன் இல்லை, குக்கரில் வருமா?

தாராளமாக. கேஸ்கட்டையும் வெயிட்டையும் கழற்றிவிட்டு, உள்ளே ஸ்டாண்டு வைத்து, பத்து நிமிடம் காயவிட்டு, பிறகு சிறு தீயில் 45 நிமிடம். தண்ணீர் ஊற்றாதீர்கள். குச்சி விட்டுப் பார்த்தால் ஈரத் துணுக்குகள் ஒட்டியிருக்க வேண்டும், சுத்தமாக வந்தால் அது பிரவுனி இல்லை, கேக்.

வெட்டும்போது மேல் சாக்லேட் நொறுங்குகிறது.

ஃபிரிட்ஜிலிருந்து எடுத்துப் பத்து நிமிடம் கழித்து வெட்டுங்கள். கத்தியை வெந்நீரில் முக்கி, துடைத்து, ஒவ்வொரு வெட்டுக்கும் அப்படியே.

சென்னையில் இருக்கும் அண்ணனுக்கு ராத்திரி ஏற்காடு எக்ஸ்பிரஸில் கொடுத்தனுப்பலாமா? (செவ்வாய்ப்பேட்டை)

கிரீம் தடவாத பிரவுனியை அனுப்புங்கள், தாராளமாகத் தாங்கும். கிரீமோடுதான் வேண்டும் என்று அண்ணன் அடம்பிடித்தால், முதல் நாள் இரவே ஃபிரீசரில் வைத்து, ஸ்டீல் டப்பாவில் ஒரே அடுக்காக, ஒன்றின் மேல் ஒன்று ஏறாமல் வைத்து அனுப்புங்கள். டப்பாவை யாரும் சாய்க்கக்கூடாது என்று கொண்டுபோகிறவரிடம் இரண்டு தடவை சொல்லுங்கள்.