‘பிடிக்காவிட்டால் வெளியேறலாமே’ என்று கேட்டவருக்கு

கேள்வி: பெரிய இணைய விற்பனைத் தளங்களைக் கட்டுப்படுத்தத் தனிச் சட்டம் தேவையா? விதிகள் பிடிக்காத வியாபாரி வெளியேறி வேறு இடத்தில் விற்றுக்கொள்ளலாமே?

நீங்கள் இதுவரை இணையத்தில் எதையும் விற்றதில்லை என்று நினைக்கிறேன். விற்றிருந்தால் அந்த இரண்டாவது வரியைச் சேர்த்திருக்க மாட்டீர்கள். வாங்குகிறவருக்கு ஒரு கடை பிடிக்கவில்லையென்றால் அடுத்த கடை இருக்கிறது. விற்கிறவனுக்கு அது எப்படி என்பதை ஒரு சமையலறைத் துண்டை வைத்துத்தான் என்னால் சொல்ல முடியும்.

கரூரில் எங்களுக்குப் பன்னிரண்டு மெஷின் கொண்ட ஒரு தையல் யூனிட். ஏற்றுமதி நிறுவனங்களுக்கு ஜாப் ஒர்க் செய்துவந்தோம். கூலி வேலை, சரக்கும் நம்முடையதில்லை, பெயரும் நம்முடையதில்லை. 2017இல் தறிக்காரரிடம் துணி நெய்து வாங்கி, சொந்த லேபிள் வைத்து, ஒரு பெரிய தளத்தில் விற்கத் தொடங்கினேன். எந்தத் தளம் என்று சொல்லப்போவதில்லை. கீழே வந்து ஊகித்து எழுதாதீர்கள். வழக்கு நடத்த எனக்கு வசதியில்லை.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லையென்றால் ‘காலத்துக்கு ஒத்துவராத பழைய வியாபாரி’ என்று யாராவது ஆரம்பிப்பார்கள். என் முதல் ஆர்டர் கவுகாத்தியிலிருந்து வந்தது. என் அப்பா துணி மூட்டையைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வாரச் சந்தைகளுக்குப் போனவர். அவருடைய வியாபாரம் முப்பது கிலோமீட்டருக்குள் முடிந்துவிட்டது. பார்சலில் ஒட்டிய முகவரிச் சீட்டைக் காட்டியபோது, “கவுகாத்தி எந்தப் பக்கம்?” என்று கேட்டார். தளங்களால் எனக்குக் கிடைத்ததை நான் மறைக்கவில்லை.

2018இல் தேன்கூடு நெசவில் ஒரு துண்டு போட்டேன். ஆறு துண்டு ஒரு கட்டு: நீல வெள்ளைக் கட்டம் நான்கு, கடுகு நிறத்தில் இரண்டு. ஏன் கடுகு நிறம் என்றால், யாரோ ஓர் ஏற்றுமதிக்காரரிடம் மிஞ்சிப்போன நூல் மலிவாகக் கிடைத்தது, அவ்வளவுதான். கட்டு 349 ரூபாய். ஏழெட்டு மாதத்தில் நாளொன்றுக்கு நாற்பது கட்டு வரை போனது. மாலையில் இரண்டாவது ஷிப்ட் போட்டோம்.

2019 ஆடியில் ஒருநாள், ஓரம் அடிக்கும் அக்கா கையில் ஒரு துண்டோடு வந்தார். அவருடைய தங்கை வேறொரு யூனிட்டில் வேலை செய்கிறவர். “தம்பி, இது நம் துண்டுதானே? லேபிள் மட்டும் ஏன் வேறாக இருக்கிறது?” என்றார். விரித்துப் பார்த்தேன். அதே அளவு, அதே நெசவு. கட்டுக்கு எத்தனை என்று கேட்டேன். ஆறாம். நான்கு கட்டம், இரண்டு கடுகு. லேபிளில் இருந்த பெயர், நான் விற்றுக்கொண்டிருந்த அதே தளத்தின் சொந்தப் பிராண்டு.

இரண்டு வாரத்தில் அது 329 ரூபாய்க்கு வந்து உட்கார்ந்தது. ‘கிச்சன் டவல்’ என்று தேடினால் முதல் வரிசையில் அது. என்னுடையது மூன்றாம் பக்கத்தில்.

தேன்கூடு நெசவு என் பாட்டன் சொத்தில்லை, தெரியும். பார்த்துச் செய்தார்கள் என்று நிரூபிக்க என்னிடம் ஒரு காகிதமும் இல்லை. தற்செயல் என்று நீங்கள் சொன்னால், அந்த வருடம் எல்லோரிடமும் கடுகு நிற நூல் மிஞ்சியிருந்தது போலும் என்று நானும் நம்பிக்கொள்கிறேன். கரூரில் ஒரு தெரு போடும் டிசைனை மறுமாதம் அடுத்த தெரு போடும். நானும் போட்டிருக்கிறேன். அதற்காக யாரும் சட்டம் கேட்பதில்லை.

ஆனால் அடுத்த தெருக்காரருக்கு என் கணக்குப் புத்தகம் தெரியாது. தளத்துக்குத் தெரியும். எந்தப் பின்கோடில் எத்தனை கட்டு போகிறது, எந்தச் சொல்லைத் தேடி வருகிறார்கள், எத்தனை பேர் பார்த்துவிட்டு வாங்காமல் போகிறார்கள், எல்லாம் அங்கே இருக்கிறது. ஒருமுறை விலையை 379க்கு ஏற்றிப் பார்த்தேன். விற்பனை பாதியானது; மூன்றே நாளில் பழைய விலைக்கு இறக்கினேன். அந்தப் பரீட்சைக்குச் செலவு என்னுடையது. விடைத்தாள் அவர்களிடமும் ஒன்று இருந்தது.

அப்பா போன சந்தைகளில் சுங்கம் வசூலிக்கக் குத்தகைக்காரர் ஒருவர் இருப்பார். தலைச்சுமைக்கு இவ்வளவு, வண்டிக்கு இவ்வளவு என்று நுழைவாயிலில் பலகை தொங்கும். அதிகமாகக் கேட்டால் பலகையைக் காட்டிச் சண்டை போடலாம். அப்பா போட்டிருக்கிறார். அந்தக் குத்தகைக்காரரே சந்தைக்குள் ஒரு துணிக்கடை விரித்து, அப்பாவின் கடையைப் பின்வரிசைக்குத் தள்ளி, வாடிக்கையாளரை வாசலிலேயே தன் கடைக்குக் கைகாட்டியிருந்தால் ஊரே கூடிக் கேட்டிருக்கும். இணையத்தில் அதற்குப் பெயர் ‘பரிந்துரை’.

‘பெரிய மளிகைக் கடைகளும் சொந்தப் பிராண்டு வைத்திருக்கின்றனவே’ என்று அடுத்த கேள்வி வரும். அந்தக் கடைக்காரர் என் சரக்கைக் காசு கொடுத்து வாங்கித் தட்டில் அடுக்குகிறார். விற்காவிட்டால் அவருக்கும் நஷ்டம். தளத்தில் சரக்கு என்னுடையது, விற்காமல் தேங்கினால் பாடு என்னுடையது, திரும்பி வந்தாலும் என் தலையில். மஞ்சள் கறையோடு கூடத் துண்டு திரும்பி வந்திருக்கிறது. காரணம்: ‘எதிர்பார்த்த நிறம் இல்லை’.

கணக்கையும் சொல்லிவிடுகிறேன். 349 ரூபாயில் கமிஷன் 35, ஆர்டருக்கு இவ்வளவு என்று தளம் பிடிக்கும் நிலைக் கட்டணம் 20, ஷிப்பிங் 65, இவற்றின் மீது ஜிஎஸ்டி 22, சரக்குக்கான என் ஜிஎஸ்டி 17. கைக்கு வருவது 190. துணி, தையல், உறை எல்லாம் சேர்த்து அடக்கம் 142. நின்றது 48. மூன்றாம் பக்கத்திலிருந்து மேலே வர விளம்பரம் கொடுத்தேன். விற்ற கட்டுக்கு 35 ரூபாய் வீதம் ஆனது. மீதி 13. அவர்கள் விலைக்கே நானும் 329க்கு இறங்கினால், கமிஷனும் ஜிஎஸ்டியும் கொஞ்சம் குறைந்தாலும், கட்டுக்கு மூன்று நான்கு ரூபாய் கைப்பணம் போடவேண்டும். (கட்டணங்களின் மீதான ஜிஎஸ்டி பிறகு வரவாகும் என்று ஆடிட்டர்கள் எழுதுவீர்கள். ஆகும், தெரியும். மாதக் கடைசியில் சம்பளம் கொடுக்கும் நாளில் ஆவதில்லை.)

சரி, வெளியேறலாமே என்றீர்கள். அதையும் செய்து பார்த்தேன். சொந்தமாக ஓர் இணையக் கடை திறந்தேன். கமிஷன் இல்லாததால் அங்கே 319 என்று விலை வைத்தேன். பத்து நாளில் தளத்தில் என் துண்டுக்குப் பக்கத்திலிருந்த ‘வாங்கு’ பொத்தான் காணாமல் போனது. இந்தப் பொருள் வேறு இடத்தில் இதைவிட மலிவாகக் கிடைக்கிறது என்று எனக்கொரு அறிவிப்பு வந்தது. மலிவாகக் கொடுத்த அந்த வேறு இடம் நானேதான். பிறகு பார்சலுக்குள் என் கடையின் முகவரி அச்சிட்ட சிறு அட்டை ஒன்றைப் போட்டு அனுப்பினேன். எச்சரிக்கைக் கடிதம் வந்தது. ஐந்து வருடம் என் துண்டில் கை துடைத்தவர்களில் ஒருவருடைய தொலைபேசி எண்கூட என்னிடம் இல்லை. கடையைத் தூக்கிக்கொண்டு போகலாம். வாடிக்கையாளரை எதில் வைத்துத் தூக்குவது?

கேட்ட கேள்விக்குச் சம்பந்தமில்லாத ஒன்று, ஆனால் இதைச் சொல்லாமல் என்னால் மேலே போக முடியாது. தளத்தில் தமிழ்ப் பக்கம் வந்தபோது நான்தான் முதலில் சந்தோஷப்பட்டேன். போய்ப் பார்த்தால் என் ‘புளூ செக் டவல்’, ‘நீலக் காசோலைத் துண்டு’ ஆகியிருந்தது. திருத்தச் சொல்லி எழுதினேன். ‘உங்கள் கருத்துக்கு நன்றி’ என்று பதில் வந்தது. மீண்டும் எழுதினேன், மீண்டும் நன்றி. ஏழு கோடிப் பேர் இருக்கும் மாநிலத்தில், கட்டம் என்ற சொல்லைத் தெரிந்த ஒருவரை வேலைக்கு வைக்க முடியாதா? காசோலை எத்தனை ரூபாய்க்கு என்று ஒரு மகராசி கேள்விப் பகுதியில் கேட்டிருந்தார். கேலியா, உண்மையா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

சட்டத்துக்கு வருகிறேன். இங்கே சட்டமே இல்லை என்று நான் சொல்லவில்லை. 2018 டிசம்பரில் மத்திய அரசு வெளியிட்ட ‘பிரஸ் நோட் 2’ என்ற அந்நிய முதலீட்டு விதி, 2019 பிப்ரவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அந்நிய முதலீடு பெற்ற தளம், தான் பங்கு வைத்திருக்கும் நிறுவனத்தைத் தன் தளத்தில் விற்கவிடக் கூடாது என்றது. எங்கள் ஊரில் இதைக் கேட்டு இனிப்பு வாங்கிக் கொடுத்தவர்கள் உண்டு. ஆனால் என்ன வகைப் பொருளை விற்கலாம் என்பதில் இதனால் தடை எதுவும் இல்லை என்று, அது அமலுக்கு வரும் முன்பே ஜனவரியில் அரசு விளக்கம் கொடுத்துவிட்டது. ஆகவே சொந்தப் பிராண்டு வேறொரு விற்பனையாளர் பெயரில் வருவதற்கு வழி இருந்தது. என் கடுகுத் துண்டு வந்தது அந்த வருடம்தான்.

சந்தையில் போட்டியை நசுக்குவதைத் தடுக்கும் போட்டிச் சட்டமும் இருக்கிறது. ஆனால் அது குற்றம் நடந்தபிறகு வரும் போலீஸ். டெல்லி வியாபாரிகள் அமைப்பு கொடுத்த புகாரில் அமேசான், பிளிப்கார்ட் இரண்டின் மீதும் இந்தியப் போட்டி ஆணையம் 2020 ஜனவரியில் விசாரணைக்கு உத்தரவிட்டது. (பொதுவில் நடந்த வழக்கு என்பதால் பெயர் சொல்கிறேன், என் கதையோடு முடிச்சுப் போடாதீர்கள். அவர்கள் குற்றச்சாட்டை மறுத்திருக்கிறார்கள்.) மறுமாதமே கர்நாடக உயர் நீதிமன்றத்தில் இடைக்காலத் தடை. விசாரணையைத் தடுக்க மாட்டோம் என்று உச்ச நீதிமன்றம் சொன்னபோது 2021 ஆகஸ்ட். விசாரிக்கலாமா வேண்டாமா என்பதற்கே ஒன்றரை வருடம். கூகுளுக்கு ஆண்ட்ராய்டு விவகாரத்தில் 1,337.76 கோடி ரூபாய் அபராதம் விதித்தார்கள் அல்லவா, 2022 அக்டோபரில்? அந்த விசாரணைக்கு உத்தரவிட்டது 2019 ஏப்ரலில். என் யூனிட் மூன்றரை வருடம் தாங்காது, மூன்று தீபாவளி தாங்கினால் பெரிது.

அதனால்தான் முன்கூட்டியே விதி வேண்டும் என்கிறேன். 2024 மார்ச்சில் நிறுவன விவகார அமைச்சகத்தின் குழு, டிஜிட்டல் போட்டிச் சட்டத்துக்கு ஒரு வரைவு கொடுத்தது. தன் பொருளுக்குத் தானே முன்னுரிமை கொடுக்கக் கூடாது. தளத்தில் விற்பவர்களின் பொதுவில் இல்லாத தரவை எடுத்து அவர்களோடு போட்டி போடக் கூடாது. வாடிக்கையாளரை வேறு வழிக்கு அழைப்பதைத் தடுக்கக் கூடாது. என் கதையை யாரோ கேட்டு எழுதியது போல இருந்தது. சின்ன நிறுவனங்களை இது நசுக்கிவிடும் என்று கணினித் துறையில் இருக்கும் என் மச்சான் ஒவ்வொரு கல்யாணப் பந்தியிலும் சொல்கிறார். வரைவில் இருக்கும் அளவுகோல்களில் ஒன்று, இந்தியாவில் மட்டும் 4,000 கோடி ரூபாய் விற்றுமுதல். அதோடு கூடவே 1 கோடிப் பயனாளர் அல்லது 10,000 வணிகப் பயனாளர் இருக்கவேண்டும். இதில் எந்தச் சின்ன நிறுவனம் சிக்கும் என்று கேட்டால் பாயசம் வாங்கப் போய்விடுகிறார். அவர் பயத்திலும் கொஞ்சம் நியாயம் உண்டு; வேகமாக வளரும் நம் ஊர் நிறுவனங்களும் அந்தக் கோட்டைத் தொடலாம். தொடட்டும். அன்றைக்கு அவர்களும் பலகை தொங்கவிடட்டும். அந்த வரைவு இன்னும் வரைவாகவே கிடக்கிறது என்பது வேறு விஷயம்.

ஐரோப்பாவில் கிடக்கவில்லை. அங்கே டிஜிட்டல் சந்தைகள் சட்டத்தின் கடமைகள் 2024 மார்ச் 7 முதல் பெரிய நிறுவனங்களைக் கட்டுப்படுத்துகின்றன. விற்பனையாளரின் தரவை வைத்து அவரோடு போட்டியிட முடியாது. உன் சொந்தக் கடையில் குறைத்து விற்காதே என்றும் சொல்ல முடியாது. மீறினால் உலக விற்றுமுதலில் 10 சதவீதம் வரை அபராதம், திரும்பத் திரும்ப மீறினால் 20 வரை. அங்கே எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல நான் போய்ப் பார்க்கவில்லை. ஆனால் 319 ரூபாய் விலை வைத்ததற்கு அங்கே யாராவது என் பொத்தானைப் பிடுங்கியிருந்தால், நான் நீட்டிக் காட்ட ஒரு விதி இருந்திருக்கும்.

அரசு முயற்சியில் வந்த திறந்த இணைய வணிக வலைப்பின்னல், ஓஎன்டிசி, இருக்கிறதே என்பீர்கள். சேர்ந்தேன். வாங்குபவரின் செயலி ஒன்று, விற்பவரின் செயலி வேறு, நடுவில் பொதுவான பாதை, யோசனை தங்கமானது. நான்கு மாதத்தில் பதினோரு ஆர்டர் வந்தது. அதில் இரண்டு என் மச்சான் போட்டவை.

2022இல் தளத்திலிருந்து முழுமையாக வெளியேறிவிட்டேன், நீங்கள் சொன்னபடியே. மறுபடியும் ஜாப் ஒர்க். கடந்த தை மாதம் ஓர் ஏஜென்ட் வந்து மாதிரியை மேசையில் விரித்தார். நான்கு கட்டம், இரண்டு கடுகு. 4,000 கட்டு வேண்டும், கட்டுக்குத் தையல் கூலி 14 ரூபாய், பணம் நாற்பத்தைந்து நாளில் வரும் என்றார். இந்தத் துண்டு யாருடையது என்று அவருக்குத் தெரியாது, நானும் சொல்லவில்லை. பன்னிரண்டு மெஷினில் ஏழு சும்மா நின்றுகொண்டிருந்தன. சரி என்றேன். ஓரம் அடிக்கும் அக்கா மாதிரியைக் கையில் எடுத்துச் சிறிது நேரம் பார்த்தார். லேபிளை எந்த மூலையில் வைக்கவேண்டும் என்று மட்டும் கேட்டார்.