பாயான் லெப்பாஸ் அக்காவிடம் கேளுங்கள்: ஐடியில் எந்தப் பக்கம் போவது?

மலேசியாவில், பினாங்கின் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் உள்ள சிப் தொழிற்சாலை ஒன்றின் ஐடி பிரிவில் 18 வருடமாக இருக்கிறேன். வந்த கேள்விகளில் ஐந்துக்கு இங்கே பதில்.

எஸ்பிஎம் (ஐந்தாம் படிவத் தேர்வு) முடித்துவிட்டேன் அக்கா. கணினி அறிவியல், மென்பொருள் பொறியியல், ஐடி, எல்லாம் ஒன்றுதானே?

முதல் வருடம் கிட்டத்தட்ட ஒன்றுதான் தம்பி. அப்புறம் பிரியும். கணினி அறிவியலில் கணிதம் கூடுதல். மென்பொருள் பொறியியல், பலர் சேர்ந்து ஒரு பெரிய நிரலைக் கட்டிப் பராமரிப்பது. ஐடி, நெட்வொர்க், செர்வர் பக்கம் சாயும். பள்ளியில் கூடுதல் கணிதப் பாடம் பிடித்திருந்தால் முதலாவது. மதிப்பெண் வந்ததா என்று கேட்கவில்லை, பிடித்ததா என்றுதான் கேட்கிறேன்.

இப்போதே பதிந்தால் மகளுக்கு லேப்டாப் இலவசம் என்கிறது ஒரு கல்லூரி. சேர்க்கலாமா?

லேப்டாப்பை விடுங்கள் அம்மா. அந்தப் படிப்பு, உயர்கல்விப் படிப்புகளை அங்கீகரிக்கும் எம்கியூஏவின் பதிவேட்டில் இருக்கிறதா என்று இணையத்தில் பாருங்கள். அங்கீகாரம் இல்லையென்றால் அரசின் பிடிபிடிஎன் கல்விக் கடனும் இல்லை. என் தம்பியை அவசரத்தில் எங்கோ சேர்த்து ஒரு வருடக் கட்டணத்தை விட்ட குடும்பம் எங்களுடையது.

பாயான் லெப்பாஸில் 11 வருடமாக டெக்னீஷியன். வயது 34. வேலையை விட்டுவிட்டு வெப்சைட் செய்யும் பயிற்சிக்குப் போகலாமா?

வேண்டாம் அண்ணா, விடாதீர்கள். 1972இல் இன்டெல் இங்கே வந்த நாளிலிருந்து பினாங்கில் பல குடும்பங்களுக்குச் சோறு போடுவது சிப் அசெம்பிளியும் டெஸ்டிங்கும்தான். இன்று சிப்பைச் சோதிக்கும் ஒவ்வொரு டெஸ்டர் மெஷினும் டேட்டாவைக் கொட்டுகிறது. அதை வாசிக்க வரும் பட்டதாரிப் பையனுக்கு ஈல்ட் (தேறும் சிப்களின் விகிதம்) விழுந்தால் சிப் கோளாறா, மெஷின் கோளாறா என்று புரியாது. ஒரே சைட்டில் (மெஷினில் சிப்பைச் சோதிக்கும் இடம்) மட்டும் ஃபெயில் குவிந்தால் முதலில் அங்கே சிப் பொருந்தும் சாக்கெட்டைக் கழற்றிப் பார்க்க வேண்டும் என்பது உங்களுக்குத் தூக்கத்தில்கூடத் தெரியும். இந்த அறிவை எந்தப் பயிற்சியிலும் காசு கொடுத்து வாங்க முடியாது.

அந்த டேட்டாவை வாசிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்: டேட்டாபேஸிலிருந்து டேட்டா எடுக்கும் எஸ்கியூஎல் மொழி முதலில், பைதான் என்ற நிரல் மொழி பிறகு. ஷிஃப்ட் முடியும்போது எக்செலில் கையால் நிரப்புகிறீர்களே ஒரு ரிப்போர்ட், சூப்பர்வைசரிடம் அனுமதி வாங்கி அதைத் தானாக வரவையுங்கள். (கம்பெனி டேட்டாவை வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டாம், வேலையே போய்விடும்.) அதைக் காட்டி உள்ளேயே மாற்றல் கேளுங்கள். ஊழியர் பயிற்சிக்காக எச்ஆர்டி கோர்ப் என்ற அமைப்புக்குக் கம்பெனி கட்டும் லெவிப் பணத்திலிருந்து பயிற்சி கிடைக்குமா என்று எச்ஆரிடம் விசாரியுங்கள். அந்தப் பணம் பல இடங்களில் கேட்பாரில்லாமல் கிடக்கிறது.

கோலாலம்பூரில் ஹெல்ப்டெஸ்க், இரவு ஷிஃப்ட். சைபர் பாதுகாப்புக்கு மாற முடியுமா?

முடியும் தங்கச்சி. ஹேக்கிங் மட்டுமே அந்த வேலை என்று நினைக்காதீர்கள். 2024 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்த சைபர் பாதுகாப்புச் சட்டப்படி, வங்கி, மின்சாரம் போன்ற முக்கியத் துறைகளில் குறிக்கப்பட்ட நிறுவனங்கள் வருடம் ஒருமுறையாவது ஆபத்து மதிப்பீடு செய்ய வேண்டும், இரண்டு வருடத்துக்கு ஒருமுறையாவது தணிக்கையும் உண்டு. அதற்கு லாக் (கணினிகள் தாமே எழுதிவைக்கும் பதிவு) படிக்கவும், பொறுமையாக அறிக்கை எழுதவும் ஆள் வேண்டும். முதலில் நெட்வொர்க் படியுங்கள். சிசிஎன்ஏ என்ற நெட்வொர்க் தேர்வுச் சான்றிதழ் மூன்று வருடம்தான் செல்லும், ஆகவே அந்தத் தேர்வை வேலை தேடும் நேரத்தில் எழுதுங்கள்.

ஏஐ வந்துவிட்டதே, இனி நிரல் கற்பது வீண்தானே?

நானும் தினமும் ஏஐ பயன்படுத்துகிறேன். போன மாதம் அது எழுதிக் கொடுத்த எஸ்கியூஎல், மறுசோதனைக்குப் போன சிப்களை இரண்டு முறை எண்ணிவிட்டது. ஈல்ட் தப்பு. எனக்கு எஸ்கியூஎல் தெரியாமல் இருந்திருந்தால் அந்த எண் அப்படியே மேனேஜர் மேசைக்குப் போயிருக்கும்.