மூல மாத்திரையில் ரத்தம் நின்றுவிட்டது, இனியும் குடல் டாக்டரைப் பார்க்க வேண்டுமா?

உங்கள் வயது 38. நான்கு மாதமாக ஒரு வாரம் மலச்சிக்கல், ஒரு வாரம் பேதி. இரண்டு முறை ரத்தம் வந்தது. மருந்துக்கடையில் மூலத்துக்கு மாத்திரை வாங்கிப் போட்டதும் நின்றுவிட்டது. இதற்கெல்லாம் ஸ்பெஷலிஸ்ட் தேவையா என்று கேட்டிருக்கிறீர்கள். தேவை. என் அப்பா இப்படியேதான் பதினொரு மாதத்தைக் கடத்தினார், அதனால்தான் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன்.

அப்பாவுக்கு மதுரைப் பக்கம் அரிசி மண்டி. காலையில் கல்லாவில் உட்கார்ந்தால் இரவுதான் எழுவார். அவருக்கு 61 வயது நடக்கும்போது, விடிகாலையில் தன் வேட்டியைத் தானே அலசிக் காயப்போடுவதை அம்மா கவனித்தார். அதுவரை ஒரு கைக்குட்டைகூட அவர் துவைத்ததில்லை. நான் கேட்டபோது, "ஒண்ணுமில்ல தாயி, உக்காந்தே கெடக்குறேன்ல, சூட்டுக்கு மூலம் கெளம்பியிருக்கு" என்றார். நாங்களும் நம்பினோம். நம்மூரில் ஆசனவாயில் என்ன தொந்தரவு வந்தாலும் மூலம் என்று ஒரு பெயர் தயாராக இருக்கிறது. பஸ் ஸ்டாண்டுச் சுவரெல்லாம் மூலம், பௌத்திரம் விளம்பரம்தானே. அம்மா துத்திக்கீரையும் கருணைக்கிழங்கும் சமைத்துப் போட்டார். அப்பா இரண்டு டாக்டர்களிடம் போனார். இரண்டு பேரிடமும் "எனக்கு மூலம் இருக்கு சார்" என்றுதான் ஆரம்பித்தார். களிம்பும் மலமிளக்கியும் கொடுத்து அனுப்பினார்கள். ஒருவரும் கையுறை மாட்டி விரலால் பார்க்கவில்லை.

நடுவில் படியேறினால் மூச்சு வாங்க ஆரம்பித்தது. ஹீமோகுளோபின் 8.4. ஆண்களுக்கு 13-க்குக் கீழே இறங்கினாலே ரத்தசோகைதான். இரும்புச்சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். ஒரு ஆணின் உடம்பிலிருந்து இரும்பு எந்த வழியாகப் போகிறது என்று யாரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. நடுவயது தாண்டிய ஆணுக்கோ மாதவிடாய் நின்ற பெண்ணுக்கோ இரும்புச்சத்து குறைந்தால், முதலில் வயிற்றிலோ குடலிலோ எங்காவது ரத்தம் கசிகிறதா என்று தேட வேண்டும். இதை எனக்கு விளக்கியவர் கடைசியாக நாங்கள் போய்ச் சேர்ந்த கேஸ்ட்ரோ டாக்டர், அதாவது வயிறு, குடல் ஸ்பெஷலிஸ்ட். அவர் விரலால் பார்க்க ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அப்பாவுக்கு மூலம் இருந்தது உண்மை. அதற்குச் சற்று மேலே, விரல் எட்டும் தூரத்திலேயே, மலக்குடலில் புற்றுக்கட்டியும் இருந்தது. மூலம் இருக்கிறது என்றால் வேறெதுவும் இல்லை என்று அர்த்தமாகிவிடாது.

உங்களுக்கு ரத்தம் நின்றுவிட்டது என்கிறீர்கள். அப்பாவுக்கும் பல முறை நின்றது. கட்டியிலிருந்து வரும் ரத்தம் விட்டு விட்டுத்தான் வரும். நின்ற நாளில் நாம் சாப்பிட்ட மருந்துக்கு அந்தப் பெருமை போய்விடுகிறது.

சரி, எதையெல்லாம் கவனிப்பது? வெளியில் சாப்பிட்டு இரண்டு நாள் பேதியானால் ஓ.ஆர்.எஸ். குடித்துவிட்டுப் பேசாமல் இருக்கலாம். பல வருடமாக உங்கள் வயிறு இப்படித்தான் என்றால் அதுவும் வேறு கதை. ஆனால் வழக்கமாக இருந்த பழக்கம் மாறி, ஆறு வாரம் தாண்டியும் பழையபடி திரும்பவில்லை என்றால் காட்ட வேண்டும். ரத்தம் மலத்தோடு கலந்து வருவது, சளி போல வருவது, போய்விட்டு வந்த பிறகும் இன்னும் வருவது போலவே இருப்பது, முயற்சி செய்யாமலே எடை குறைவது, எல்லாம் இதில் சேரும். இன்னொன்று, தூக்கத்திலிருந்து எழுப்பிவிடும் பேதி. ஐ.பி.எஸ். (IBS) என்று சொல்கிற, புண்ணோ கட்டியோ இல்லாமலே வரும் குடல் கோளாறு பகலில் பாடாய்ப் படுத்தினாலும் இரவில் பெரும்பாலும் தூங்க விட்டுவிடும்.

தார் போலக் கறுத்து, பிசுபிசுவென்று நாற்றத்தோடு போனால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள், மேல் வயிற்றில் ரத்தம் கசியலாம். இரும்பு மாத்திரையாலும் மலம் கறுக்கும், பீட்ரூட் சாப்பிட்டால் சிவக்கும். அதையும் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். வயிறு உப்பி, வாந்தி எடுத்து, காற்றும் பிரியவில்லை என்றால் ஸ்பெஷலிஸ்ட் நேரம் தரும்வரை காத்திருக்கவே கூடாது, நேராக அவசர சிகிச்சைப் பிரிவுதான்.

சின்ன வயசு என்று நினைத்துத் தள்ளிப்போடாதீர்கள். ரத்தமும் சளியுமாக வாரக்கணக்கில் போவதைச் சீதபேதி என்று சொல்லி மெட்ரோனிடசோல் என்ற கிருமிக்கொல்லி மாத்திரையை மறுபடி மறுபடி போட்டுக்கொள்கிறவர்களில் சிலருக்கு இருப்பது அல்சரேட்டிவ் கொலைட்டிஸ், அதாவது பெருங்குடலின் உள்சுவர் அழற்சியால் புண்ணாகும் நோய். இருபது, முப்பது வயதில்தான் அது அதிகம் தலைகாட்டும். நம் நாட்டில் குடல் காசநோயும் உண்டு. மாலைக் காய்ச்சல், எடை குறைவு, வலது அடிவயிற்றில் வலி. கிரோன்ஸ் என்ற இன்னொரு குடல் அழற்சி நோயும் அப்படியே தோன்றும். கிரோன்ஸ் என்று நினைத்து ஸ்டீராய்டு கொடுத்தால் காசநோய் முற்றிவிடும் என்பதால் சதை எடுத்துப் பார்த்துத்தான் முடிவு செய்வார்கள். பொது மருத்துவரைக் குறை சொல்லவில்லை. கேமரா வைத்த குழாயைக் குடலுக்குள் விட்டுப் பார்க்காமல் இதைப் பிரித்தறிய முடியாது. சில சமயம் காரணம் எளிதாகவும் இருக்கும். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுகிறவர்களுக்கு அதனாலேயே பேதியாகலாம். நீங்களாக நிறுத்திவிடாமல் கேளுங்கள்.

அந்தக் குழாய்ச் சோதனைக்குப் பெயர் கொலோனோஸ்கோப்பி. அதற்குப் பயப்படுகிறவர்களுக்காக ஒரு விஷயம். பெற்றோருக்கோ உடன்பிறந்தவருக்கோ பெருங்குடலிலோ மலக்குடலிலோ புற்றுநோய் இருந்தால் நாம் 40 வயதிலேயே பார்த்துக்கொள்ள வேண்டும், அல்லது அவருக்குக் கண்டுபிடித்த வயதுக்குப் பத்து வருடம் முன்னால்; எது முந்தியோ அது. எனக்கு 40 ஆனதும் நானும் செய்துகொண்டேன். சோதனையை விட முந்தின இரவுதான் கஷ்டம். பவுடர் கரைத்த தண்ணீர் இரண்டு லிட்டர், உப்பும் எலுமிச்சையுமாக ஒரு ருசி. குளிரவைத்துக் குடித்தால் இறங்கும். கடைசியில் வெளிர்மஞ்சள் தண்ணீராகத் தெளிந்து போக வேண்டும். கலங்கலாக இருந்தால் சின்ன பாலிப், அதாவது குடல் சுவரில் முளைக்கும் சதை வளர்ச்சி, கண்ணுக்குத் தப்பிவிடும். மறுநாள் ஊசி போட்டதுதான் தெரியும், எழுந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. எனக்கு ஒரு சின்ன பாலிப் இருந்தது, அப்போதே எடுத்துவிட்டார்கள். அது புற்றாக மாறுவதானால்கூடப் பொதுவாகப் பத்து வருடம்போல ஆகும் என்றார்கள்.

அப்பாவுக்குக் கதிர்வீச்சு, மாத்திரை, அப்புறம் ஆபரேஷன், ஆறு மாதம் மலம் வெளியே போக வயிற்றில் பை. ஆறு வருடம் ஆகிறது. இப்போது மண்டியில் அரை நாள் உட்காருகிறார். பதினொரு மாதம் முன்பே பார்த்திருந்தால் இத்தனை பட வேண்டியிருந்திருக்காதோ என்று இன்றும் எனக்குத் தோன்றும்.

நீங்கள் செய்ய வேண்டியது இதுதான். என்றைக்கு ரத்தம் வந்தது, என்ன நிறம், ஒரு நாளைக்கு எத்தனை முறை போகிறீர்கள் என்று இன்றிலிருந்தே எழுதி வையுங்கள். மறுபடி ரத்தம் வந்தால் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள், டாக்டர்கள் முகம் சுளிக்க மாட்டார்கள். ஹீமோகுளோபின் பார்த்துவிட்டுப் போங்கள். உள்ளே போனதும் "மூலம் இருக்கு" என்று சொல்லாதீர்கள். "நாலு மாதமாக மாறி மாறிப் போகிறது, ரெண்டு தடவை ரத்தம் வந்தது" என்று மட்டும் சொல்லுங்கள். விரலால் பார்க்காமலே மருந்து எழுதினால், "ஒரு தடவை பார்த்துடுங்க டாக்டர்" என்று நீங்களே கேளுங்கள்.