கார்பன் ரோடு பைக் வாங்கும் முன்: கேள்விகளும் பதில்களும்

புது கார்பன் ரோடு பைக் வாங்குவது பற்றி நம் சைக்கிள் ஓட்டும் குழுவில் கொஞ்ச நாளாகவே ஆளுக்கொரு கேள்வி கேட்டுக்கொண்டிருந்தீர்கள். எல்லாவற்றுக்கும் இங்கே சேர்த்துப் பதில் சொல்லிவிடுகிறேன். கேட்டவர் இருக்கும் பேட்டையின் பெயரை ஒவ்வொரு கேள்விக்கும் முன்னால் போட்டிருக்கிறேன். சைக்கிள்களைப் பிரித்து மாட்டுவது என் தொழில். அதனால் விலைப்பட்டியலை விட, இந்தச் சிங்கப்பூர் வியர்வையும் மழையும் ஒரு சைக்கிளை என்ன பாடு படுத்தும் என்பதை வைத்துத்தான் பேசுவேன்.

ஈசூன்: அண்ணே, இப்போது அலுமினியம் சைக்கிள் ஓட்டுகிறேன். 5,000 வெள்ளி (டாலர்) சேர்த்து வைத்திருக்கிறேன். எந்த பிராண்டு வாங்கலாம்?

பிராண்டை அப்புறம் பார்ப்போம் தம்பி, முதலில் அளவு. இந்த விலையில் பெரிய பெயர்கள் எல்லாமே நல்ல பிரேம்தான் செய்கின்றன. உடம்புக்குப் பொருந்தாத நல்ல பிரேமை வாங்கிவிட்டு, கழுத்து வலியோடு ஆறு மாதத்தில் விற்பவர்களைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன்.

அளவு என்றால் 52, 54 என்று எழுதியிருப்பது இல்லை. ஒரு கம்பெனி 54 என்கும், இன்னொன்று M என்கும், இரண்டும் ஒன்றாக இருக்காது. நீங்கள் பார்க்க வேண்டியவை ஸ்டாக், ரீச் என்ற இரண்டு எண்கள். பெடல் கைகள் இரண்டும் சுற்றும் அச்சின் (பெடல் அச்சு) மையத்திலிருந்து, பிரேமின் முன்குழாயான ஹெட் டியூபின் மேல்முனை எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பது ஸ்டாக். அதே இடத்திலிருந்து எவ்வளவு முன்னால் இருக்கிறது என்பது ரீச். எல்லாக் கம்பெனியும் இதை மில்லிமீட்டரில் வெளியிடுகிறது. உங்கள் இப்போதைய சைக்கிளின் எண்களைத் தேடி எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கூடவே ஒரு டேப்பை எடுத்து, பெடல் அச்சு முதல் சீட்டின் மேல்பாகம் வரையும், சீட் நுனி முதல் ஹேண்டில்பாரின் நடு வரையும் அளந்து எழுதி வையுங்கள். இரண்டு மணி நேரம் ஓட்டியும் உடம்பு வலிக்கவில்லை என்றால் அந்த அளவுகள் தங்கம். கடையில் முதலில் அதைக் காட்டுங்கள், விலையை அப்புறம் பேசலாம்.

இரண்டு சைஸுக்கு நடுவில் மாட்டிக்கொண்டால் பெரும்பாலும் சின்னதே மேல். ஹேண்டில்பாரைப் பிடித்திருக்கும் ஸ்டெம்மை ஒரு சென்டிமீட்டர் நீளமானதாக மாற்றிச் சமாளிக்கலாம். பெரிய பிரேமைச் சுருக்க வழி குறைவு. குனிந்து ஓட்டிப் பழகாதவர் என்றால் ரேஸ் வடிவத்தை விட்டுவிட்டு எண்டியூரன்ஸ் வடிவத்தில் பாருங்கள். முன்பக்கம் கொஞ்சம் உயரமாக இருக்கும், டயருக்கும் இடம் தாராளம்.

தெம்பனிஸ்: வயரே வெளியே தெரியாத மாடல் அழகாக இருக்கிறது. அதையே எடுக்கலாமா?

அழகுதான். ஆனால் இந்த ஊரில் நான் தயங்கித் தயங்கிச் சொல்லும் விஷயம் இது ஒன்றுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நாம் ஓட்டும்போது முகத்திலிருந்து சொட்டும் வியர்வை எங்கே விழுகிறது என்று கவனித்திருக்கிறீர்களா? நேராக ஸ்டெம் மேலும், அதன் அடியில் ஹேண்டில்பார் திரும்ப உதவும் பேரிங்குகளான ஹெட்செட்டின் மூடி மேலும்தான். ஈரக்காற்றில் அது காய்வதில்லை, இடுக்கு வழியாக உள்ளே இறங்குகிறது. ஓராண்டு ஓட்டிய ஒரு சைக்கிளின் மூடியைக் கழற்றினால், போல்ட் தலையைச் சுற்றி வெள்ளையாக உப்புப் படிந்திருக்கும். மேல் பேரிங்கை விரலால் சுழற்றினால் மணல் அரைபடுவது போல் நறநறவென்று நின்று நின்று சுற்றும், பழுப்புப் பொடி கையில் ஒட்டும். ஹேண்டில்பார் டேப்பைப் பிரித்தால் அடியில் அலுமினியம் பூத்துப் பொரிந்திருக்கும். சிலதில் குழியே விழுந்திருக்கும். அந்த நிலையில் உள்ள ஹேண்டில்பாரை மாற்றாமல் நான் வண்டியைத் திருப்பிக் கொடுப்பதில்லை.

வயர் வெளியே இருந்த காலத்தில் அந்தப் பேரிங்கை அரை மணி நேரத்தில் மாற்றிவிடலாம். இப்போது பல மாடல்களில் பிரேக் ஆயில் ஓடும் குழாயான ஹோஸ் அந்தப் பேரிங்கின் ஓட்டை வழியாகத்தான் இறங்குகிறது. ஹோஸைத் துண்டித்தால்தான் பேரிங் வெளியே வரும். மறுபடி மாட்டி, ஆயில் ஏற்றி, காற்று எடுக்க வேண்டும். இருபது முப்பது வெள்ளி பேரிங்குக்குப் பல மடங்கு கூலி.

எனவே கடையில் இதைக் கேளுங்கள்: ஹோஸைக் கழற்றாமல் மேல் பேரிங்கை மாற்ற முடியுமா? முடியும் என்றால் நிம்மதி. ஹோஸ் ஸ்டெம்மின் அடியில் ஒட்டி வந்து ஹெட்செட்டுக்கு மேலே நுழையும் மாடல்கள் ஓரளவு பரவாயில்லை, ஸ்டெம்மை மாற்றுவதாவது எளிது. ஹேண்டில்பாரும் ஸ்டெம்மும் ஒரே துண்டாக வருவதை, உங்கள் அளவு உறுதியாகத் தெரிந்த பிறகே வாங்குங்கள். ஒரு சென்டிமீட்டர் மாற்ற வேண்டுமென்றால் முழுத் துண்டையும் மாற்ற வேண்டும், நூற்றுக்கணக்கான வெள்ளி போய்விடும்.

எதை வாங்கினாலும், கையில் வாங்கும் முன்பே ஹெட்செட்டில் நீர் புகாத கிரீஸ் நிறையத் தடவச் சொல்லுங்கள். ஓட்டி வந்ததும் மெதுவாக விழும் தண்ணீரில் கழுவி ஈரம் போகத் துடையுங்கள். பிரஷர் வாஷர் வேண்டவே வேண்டாம். வீட்டுக்குள் டிரெய்னரில் ஓட்டுபவர்கள் ஸ்டெம் மேல் துண்டைப் போர்த்தாமல் ஏறாதீர்கள். அங்கே காற்றே இல்லாததால் வெளியே ஓட்டுவதை விடச் சேதம் அதிகம்.

ஜூரோங் வெஸ்ட்: 105 டிஐ2, அல்டெக்ரா, ஸ்ராம் ரைவல். எது?

மூன்றும் கியர், பிரேக் செட்டுகள். முதல் இரண்டும் ஷிமானோவுடையவை, டிஐ2 என்றால் அதன் மின்சார கியர். 5,000 வெள்ளி அளவு பட்ஜெட்டுக்கு 105 டிஐ2. 2022இல் வந்தது, பின்னால் 12 கியர். கியர் மாறும் தரத்தில் அல்டெக்ராவுக்கும் அதற்கும் வித்தியாசம் கண்டுபிடிப்பது கஷ்டம். அல்டெக்ராவில் எடை குறைவு, லிவரின் உச்சியில் கூடுதல் பட்டன் உண்டு. அவ்வளவுதான். மிச்சப்படும் பணத்தை வீலுக்கும் டயருக்கும் வையுங்கள்.

ரைவலும் நல்ல செட். செயினை நகர்த்தும் முன், பின் டிரெய்லியர்களில் தனித்தனி பேட்டரி, கழற்றி வீட்டுக்குள் கொண்டுபோய் சார்ஜ் செய்யலாம். வயர் இல்லாததால் மாட்டுவதும் சுலபம். ஆனால் பின் சக்கரத்தின் பல்சக்கரத் தொகுதியான கேசட் அதில் 10 பல்லில் தொடங்குவதால், வீலில் கேசட் மாட்டும் உருளை (ஃப்ரீஹப்) எக்ஸ்டிஆர் என்ற தனி வகையாக இருக்க வேண்டும். பின்னாளில் நண்பரிடம் வீல் வாங்கும்போது இது நினைவிருக்கட்டும். ரைவலின் பிரேக்கில் இருப்பது டாட் என்ற வகை திரவம், அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். ஷிமானோவின் மினரல் ஆயில் உறிஞ்சாது. நம் ஊர் ஈரத்துக்கு ரைவல் என்றால் ஆண்டுக்கொருமுறை திரவம் மாற்றுவதைத் தள்ளிப் போடாதீர்கள்.

மின்சார கியர் வேண்டாம் என்பவர்களுக்கு, கேபிளில் ஓடும் 12 கியர் 105 2023இல் வந்திருக்கிறது. அதில் குறையே இல்லை.

புக்கிட் பாத்தோக்: இங்கே மலை ஏது? 52/36 செயின்ரிங் போடலாம்தானே?

52/36 என்பது பெடலோடு சுற்றும் இரண்டு முன் சக்கரங்களின் பல் எண்ணிக்கை. அதைவிடச் சின்னதான 50/34 போதுமா என்று கணக்குப் போட்டுப் பார்ப்போம். டயரின் சுற்றளவு ஏறத்தாழ 2.1 மீட்டர். 50 பல் முன்னால், 11 பல் பின்னால், நிமிடத்துக்கு 90 மிதி என்றால் மணிக்கு 51 கிலோமீட்டர் வருகிறது. தனியாக அந்த வேகத்தில் போகிறவர் நம் குழுவில் யாரும் இல்லை. நாம் தானா மேரா கோஸ்ட் ரோட்டில் போகும் 33 கிலோமீட்டர் வேகத்துக்கு 50-17 (முன்னால் 50, பின்னால் 17 பல்) சரியாக அமைகிறது. 11-34 கேசட்டில் 17 பல் சக்கரம் நடுவில் இருக்கிறது, செயின் ஏறக்குறைய நேராக ஓடும், தேய்மானமும் குறைவு.

ஏற்றத்துக்கு வருவோம். மவுண்ட் ஃபேபருக்கு 36-34 போதும். ஆனால் நம் ஆட்கள் ஆண்டுதோறும் மலேசியாவின் கெந்திங், கேமரன் மலை என்று கிளம்பிவிடுகிறார்கள். அங்கே 34-34 இருந்தால் நிமிடத்துக்கு 80 மிதியில் மணிக்கு 10 கிலோமீட்டரில் நிதானமாக ஏறலாம். 50/34, பின்னால் 11-34. இதையே கேளுங்கள்.

பொங்கோல்: என் உயரம் 157 செ.மீ. பெண்களுக்கென்று தனி மாடல் தேட வேண்டுமா அண்ணா?

வேண்டாம் அக்கா. சின்ன சைஸ் பிரேமை எடுத்து, தொடும் இடங்களை மாற்றினால் போதும். பெடலைத் தாங்கும் கையான கிராங்க் 165 மி.மீ., கிடைத்தால் 160. 105இல் இரண்டு நீளமும் உண்டு, ஆனால் கடையில் 170 மாட்டியே நிற்கும், வாங்கும்போதே மாற்றித் தரச் சொல்லுங்கள். ஹேண்டில்பார் 38 செ.மீ. அல்லது அதற்கும் குறைவு. பிரேக் லிவரை உள்ளே இழுத்து வைக்க ஒரு சின்ன ஸ்க்ரூ இருக்கிறது, அதைத் திருகி உங்கள் விரல் எட்டும் தூரத்தில் வைக்காமல் கடையை விட்டு வராதீர்கள். கை எட்டாமல் பிரேக் பிடிப்பது உயிருக்கே ஆபத்து. மெதுவாகத் திரும்பும்போது ஷூ நுனி முன் டயரில் இடிக்கிறதா என்றும் ஓட்டிப் பாருங்கள். சின்ன பிரேம்களில் இது சகஜம், தெரிந்து வாங்குவது நல்லது. சீட்டை மட்டும் யார் சொன்னாலும் கேட்காதீர்கள், உட்கார்ந்து பார்த்து எடுங்கள்.

செங்காங்: 50 மி.மீ. உயர ரிம் உள்ள கார்பன் வீல் கேட்கிறேன், கடையில் ஹூக்லெஸ் என்கிறார்கள். பயமாக இருக்கிறது.

உங்கள் எடையைச் சொல்லவில்லையே. ஹூக்லெஸ் என்றால் டயரைப் பிடிக்கும் கொக்கி விளிம்பு இல்லாத ரிம். அதில் காற்றழுத்தம் 5 பாரைத் தாண்டக் கூடாது, அதாவது சுமார் 72 பிஎஸ்ஐ. 65 கிலோ ஆளுக்கு 30 மி.மீ. டயரில் அறுபது சொச்சம் போதும், கவலையில்லை. 90 கிலோவுக்கு மேல் என்றால் 32 மி.மீ. டயருக்குப் போங்கள், இல்லாவிட்டால் ஹூக் உள்ள ரிம்மே எடுங்கள். நானாக இருந்தால் ஹூக் உள்ளதைத்தான் எடுப்பேன். எந்த டயரும் போடலாம், பட்டியல் பார்த்துத் தேட வேண்டியதில்லை.

55 கிலோவுக்குக் குறைவானவர்கள் முன் வீலில் 50 மி.மீ. போடாதீர்கள். தானா மேரா கோஸ்ட் ரோட்டில் கடற்காற்று பக்கவாட்டில் அடிக்கும்போது, லாரி ஒன்று கடந்ததும் ஹேண்டில்பார் கையை விட்டு இழுக்கும். டியூப்லெஸ் என்றால் ஓட்டையை அடைக்க உள்ளே ஊற்றும் பால் போன்ற திரவம் நம் வெப்பத்தில் சீக்கிரம் காய்ந்துவிடும், இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை திறந்து பாருங்கள்.

உட்லண்ட்ஸ்: கரோசல் இணையச் சந்தையில் பழைய 2018 மாடல், அல்டெக்ரா செட்டோடு மலிவாக வருகிறது.

முதலில் கிராங்கைப் பாருங்கள். 2012 ஜூன் முதல் 2019 ஜூன் வரை தயாரான 11 கியர் டூரா-ஏஸ், அல்டெக்ரா கிராங்குகளில் ஒட்டிய பகுதி பிரிய வாய்ப்பிருக்கிறது என்று ஷிமானோவே 2023 செப்டம்பரில் அறிவித்து, இலவசமாகச் சோதித்து மாற்றித் தரும் திட்டம் கொண்டுவந்தது. கிராங்க் கையின் உட்புறத்தில் இரண்டு எழுத்துக் குறியீடு இருக்கும். விற்பவரிடம் சோதித்த விவரத்தைக் கேளுங்கள், இல்லையென்றால் ஷிமானோ கடைக்குக் கொண்டுபோகச் சொல்லுங்கள். அப்புறம் சீட்போஸ்ட் மேலும் கீழும் நகர்கிறதா என்று கண் முன்னால் செய்து காட்டச் சொல்லுங்கள். வியர்வையில் இறுகிப்போன சீட்போஸ்டை எடுக்க முயன்றால் பிரேமே உடையலாம். பின் சக்கரத்துக்குப் போகும் கீழ்க்குழாயான செயின்ஸ்டே, ஃபோர்க் மேல்பகுதி, ஹெட் டியூபின் அடி ஆகிய இடங்களை டார்ச் அடித்துப் பாருங்கள். தொட்டால் மிருதுவாக அமுங்கும் இடம் இருந்தால் திரும்பி வந்துவிடுங்கள்.

தனி ஆளிடம் வாங்குவதற்கு குறையுள்ள பொருளுக்கு நிவாரணம் தரும் இங்குள்ள 'லெமன் சட்டம்' துணைக்கு வராது. கடையில் வாங்கினால் வரும்: பொருளைப் பெற்ற ஆறு மாதத்துக்குள் தெரியும் குறை, ஆரம்பத்திலேயே இருந்ததாகத்தான் கொள்ளப்படும்.

பிடோக்: ஜொகூர் பாருவிலோ வெளிநாட்டு இணையக் கடையிலோ வாங்கினால் லாபமா?

பொருள் சேவை வரி 9 சதவீதத்தைச் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். 6,000 வெள்ளி சைக்கிள், 200 வெள்ளி அனுப்பும் செலவு என்றால் வரி 558 வெள்ளி. ஜொகூரிலிருந்து நீங்களே கொண்டு வந்தாலும் வரி உண்டு. 48 மணி நேரத்துக்குக் குறைவாகப் போய் வந்தால் விலக்கு 100 வெள்ளிதான். அதற்கு மேல் தங்கினால் 500. சோதனைச் சாவடியில் கட்டாமல் வந்து மாட்டிக்கொள்ளாதீர்கள். பிரேமில் விரிசல் என்று வந்தால் உள்ளூர் முகவர் உத்தரவாதத்தை ஏற்பாரா என்பதையும் முன்கூட்டியே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். இதெல்லாம் சேர்த்தும் ஆயிரம் வெள்ளி மிச்சம் என்றால் வாங்குங்கள். முந்நூறு வெள்ளிக்காக வேண்டாம்.

பாசிர் ரிஸ்: டி700, டி800 கார்பன். எது உயர்ந்தது?

எண் நூலிழையைப் பற்றியது, பிரேமைப் பற்றியது இல்லை. எந்த இழையை எந்த இடத்தில், எந்தக் கோணத்தில் அடுக்கினார்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. இந்த எண்ணைப் பார்த்துப் பணம் கூட்டிக் கொடுக்காதீர்கள்.

அங் மோ கியோ: 8 கிலோ, 7.2 கிலோ. நடுவில் 2,000 வெள்ளி வித்தியாசம். எடை குறைந்தது எடுக்கட்டுமா?

70 கிலோ ஆளும் 8 கிலோ சைக்கிளும் சேர்ந்து 78. அதில் 800 கிராம் குறைத்தால் ஒரு சதவீதம். ஐந்து நிமிட ஏற்றத்தில் மூன்று வினாடி. சமதரையில் ஒன்றுமே தெரியாது. பந்தய விதியே 6.8 கிலோவுக்குக் கீழே விடாது. அந்த 2,000 வெள்ளியில் நல்ல டயர், உடம்புக்கேற்ற முறையான ஃபிட்டிங், மிதிக்கும் சக்தியை அளக்கும் பவர் மீட்டர் மூன்றும் வாங்கி மீதியும் வரும்.

செம்பவாங்: வாங்கிய அன்றே என்னென்ன கூட வாங்க வேண்டும்?

முறுக்கை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச். கார்பனில் போல்ட்டை ஊகத்தில் முறுக்கக் கூடாது. ஸ்டெம்மில் பெரும்பாலும் 5 நியூட்டன் மீட்டர் என்று எழுதியிருக்கும், எழுதியதை மீறாதீர்கள். சீட்போஸ்டுக்கு கிரீஸ் வேண்டாம், கார்பன் பேஸ்ட் தடவுங்கள், குறைந்த முறுக்கிலேயே பிடித்துக்கொள்ளும். 12 கியர் செயின் 0.5 சதவீதம் நீண்டதும் மாற்ற வேண்டும், அதைப் பார்க்கும் சின்ன அளவுகோலும் வாங்குங்கள்.

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீடு என்றால் சைக்கிளை உள்ளேயே வையுங்கள். பொது நடைபாதையில் 1.2 மீட்டர் வழி விட வேண்டும், திருட்டு பயமும் உண்டு.

இன்னொன்று, நாம் விடிகாலை ஐந்தரைக்குக் கிளம்புகிறோம். இருட்டில் முன்னால் வெள்ளை விளக்கும் பின்னால் சிவப்பு விளக்கும் சட்டப்படி கட்டாயம். புது சைக்கிள்களின் சீட்போஸ்ட் உருண்டையாக இல்லாமல் பின்பக்கம் தட்டையாக இருக்கிறது. பழைய விளக்கின் ரப்பர் பட்டை அதில் நிற்காது, குலுக்கலில் கீழே பார்த்துத் திரும்பிவிடும். அந்த வடிவத்துக்கான மவுண்டைக் கடையிலேயே கேட்டு வாங்கி மாட்டிக்கொண்டு வாருங்கள்.