1908 லண்டன் ஒலிம்பிக் 400 மீட்டர்: வெள்ளி, வெண்கலம் ஏன் இல்ல?

நீங்க க்விஸுக்கு போடுற டேபிள்ல வெள்ளியும் வெண்கலமும் காலியா இருக்குன்னு கேட்டிருந்தீங்கல்ல, அது டைப்பிங் மிஸ்டேக் இல்லைங்க, அப்படியே விடுங்க. ஜூலை 23 ஃபைனல்ல நாலு பேர், மூணு அமெரிக்கர்கள், ஒரு பிரிட்டிஷ்காரர் ஹால்ஸ்வெல். லேன் பிரிக்காம ஓடினாங்க, கடைசி ஸ்ட்ரெய்ட்ல அமெரிக்கர் கார்ப்பென்டர் ஹால்ஸ்வெல்லை முந்த விடாம வெளிப்பக்கமா தள்ளிக்கிட்டே போனார்னு அம்பயர்கள் ரேஸையே செல்லாதுன்னு சொல்லிட்டாங்க. அமெரிக்க ரூல்ல அப்படி ஓடலாம், பிரிட்டிஷ் ரூல்ல கூடாது, சண்டையே அதுதான். கார்ப்பென்டர் டிஸ்குவாலிஃபை. 25ஆம் தேதி லேன் போட்டு மறுபடி ஓடச் சொன்னப்ப மத்த அமெரிக்கர்கள் ராபின்ஸ், டெய்லர் ரெண்டு பேருமே வரல. ஹால்ஸ்வெல் தனியா 50.0 செகண்ட்ல ஓடி தங்கம் வாங்கினார். பாவம், செமில 48.4 ஓடின மனுஷன், அவருக்கு ஒழுங்கான ஃபைனல் கிடைச்சிருக்கணும். டேபிள்ல "வாக்ஓவர்"னு (எதிராளி வராம ஜெயிச்சது) போட்டுடுங்க.